ஐந்தாம் நம்பர் பாட்டில்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் கழிந்து வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கால்வாயை ஒட்டி என் நண்பன் ஒருவனுக்கு வாழைத்தோட்டம் இருக்கிறது. அங்கே மோட்டார் ரூமுக்கு முன்னால் இருக்கும் சிமெண்ட் மேடையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து சிவப்பு ஒயின் ருசி பார்த்துக்கொண்டிருந்தோம். திருநெல்வேலிக்காரனுக்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிக்கிற மாதிரிதான் அது ஆரம்பித்தது.

யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் தச்சநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்துக்குச் சொந்தக்காரனைத் தோட்டக்காரன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவன் வெளிநாட்டு உல்லாசக் கப்பலில் சாப்பாட்டு மேசைக்குப் பரிமாறும் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தவன், கப்பல்காரன். நான்காவது ஆள் தேயிலைக்காரன். இந்தக் கதையே அவனைப் பற்றியதுதான்.

தேயிலைக்காரன் மலைமேல் ஒரு தேயிலை பேக்டரியில் பல வருடம் ருசி பார்ப்பவனாக இருந்தவன். வரிசையாக வெள்ளைக் கோப்பைகளில் டிக்காஷனை வைத்திருப்பார்கள். கரண்டியில் எடுத்துச் சர்ரென்று சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்பிவிட வேண்டும். ஒரு நாளைக்கு நூறு கோப்பை பார்த்தாலும் ஒரு மடக்குகூட உள்ளே போகாது. அவன் நாக்கு அப்படிப்பட்ட நாக்கு. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தால் அது ஆற்றுத் தண்ணீரா, போர்வெல் தண்ணீரா, எந்தப் பக்கத்துப் போர்வெல் என்று வாயில் வைத்ததும் சொல்லிவிடுவான். நாங்கள் பலமுறை ஏமாற்றிப் பார்த்துத் தோற்றிருக்கிறோம்.

ஆனால் குடி அவனைத் தின்றுவிட்டது. சாராய வாடையோடு தேயிலையை மோந்து பார்க்க முடியுமா? மலைமேல் இருந்த வேலை போயிற்று. கீழே வந்து பேட்டையில் குடியிருந்தான். வீட்டில் இருந்த பாத்திரம்கூட மிஞ்சவில்லை. பிறகு ஒருநாள், எங்களுக்கெல்லாம் ஆச்சரியமாக, விட்டுவிட்டான். ஒரு தேயிலைத்தூள் மொத்த வியாபாரி அவனைக் கலவை பார்க்கும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவன் குடியைத் தொட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. கல்யாண வீடுகளில் யாராவது டம்ளரை நீட்டினால், மேலே உள்ளங்கையை வைத்து மூடி, "நமக்கு வேண்டாம் வே" என்பான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு மிடுக்கு இருக்கும். வேறு எதற்கும் அவன் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது என் யோக்கியதையைச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவ நண்பர் வீட்டில் கிறிஸ்துமசுக்கு ஒயின் போடுவதைப் பார்த்து நானும் கார்த்திகையில் ஒரு ஜாடி போட்டிருந்தேன். கம்பம் கறுப்புத் திராட்சை, சீனி, கொஞ்சம் கோதுமை, இரண்டு கிராம்பு. தினமும் காலையில் ஜாடியைத் திறந்து மரக்கரண்டியால் கிண்டிவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்க வைத்தவன் மாதிரி மூடி வைப்பேன். பொங்கலுக்கு வந்த கப்பல்காரன் அதைக் குடித்துப் பார்த்துவிட்டு, "என்னலே இது, இருமல் மருந்து மாதிரில்லா இருக்கு" என்றான். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் வைத்திருக்கும் வெளிநாட்டு பாட்டிலோடு என்னுடையதையும் வரிசையில் சேர்த்து வைத்து, லேபிள் தெரியாமல் ருசி பார்ப்போம் என்று சவால் விட்டேன்.

அதற்கு ஒரு நடுவர் வேண்டும். ஊரிலேயே நல்ல நாக்கு யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான்தான் தேயிலைக்காரனைத் தேடிப் போனேன்.

அவன் முதலில் வேண்டாம் என்றான். மறுநாளும் வேண்டாம் என்றான். மூன்றாவது முறை நான் போனபோது, "நீரு குடிக்கவா போறீரு? தேயிலைக்குத் துப்புத மாதிரி துப்பிரும். நூறு கோப்பை பாத்தவருக்கு அஞ்சு பாட்டில் ஒரு கணக்கா?" என்றேன். மலைமேல் இருந்து வந்த பிறகு அவன் நாக்கை இப்படி மரியாதையாக யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். "துப்பத்தான செய்யணும்? சரி, வாரேன்" என்றான். எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். அவன் மனைவியிடம் தோட்டத்தில் குளியல், மீன் சமையல் என்று மட்டும் சொன்னோம். "நீங்க கூட இருக்கீங்கல்லா அண்ணாச்சி, அதான் அனுப்புதேன்" என்றாள் அவள். நானும் தலையை ஆட்டினேன்.

தோட்டத்தில் ஐந்து பாட்டில்களையும் செய்தித்தாளில் சுற்றி நம்பர் போட்டோம். கப்பல்காரன் கொண்டுவந்தது இரண்டு, கடையில் வாங்கியது இரண்டு, என்னுடையது ஒன்று. என்னுடையது ஐந்தாம் நம்பர். வெள்ளைக் கோப்பைதான் வேண்டும் என்று தேயிலைக்காரன் சொன்னதால், தோட்டக்காரன் வீட்டில் இருந்து பீங்கான் கோப்பைகளைக் கொண்டுவந்திருந்தான். துப்புவதற்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. நாங்கள் மூன்று பேரும் சும்மா மடக் மடக்கென்று குடித்துவிட்டு, இது புளிக்கிறது, அது இனிக்கிறது என்று உளறினோம். தேயிலைக்காரன் கரண்டியால் எடுத்து உறிஞ்சினான். நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டோம்.

முதல் பாட்டிலைச் சுழற்றித் துப்பிவிட்டு, "நாவல்பழத் துவர்ப்பு. மரப்பீப்பாயில கிடந்திருக்கு" என்றான். கப்பல்காரன் வாயைப் பிளந்தான். அது உண்மை. இரண்டாவதைத் துப்பி, "இது சின்னப் புள்ளைக்கு வாங்குதது, சீனிதான் இருக்கு" என்றான். மூன்றாவதில் கடுக்காய் என்றான், மழை பெய்த செம்மண் என்றான். நான்காவதை மோந்து பார்த்ததுமே, "மூடி சரியில்ல, காத்து போயிருக்கு" என்று தள்ளிவிட்டான். அவன் கண்ணில் ஒரு ஒளி வந்திருந்தது. முகம்கூட லேசாகச் சிவந்திருந்தது. "மாப்பிள்ளைக்கு வெக்கம் வந்துட்டு" என்று தோட்டக்காரன் கிண்டல் செய்தான். எல்லோரும் சிரித்தோம்.

ஐந்தாவது கோப்பையை அவன் கரண்டியால் எடுக்கவில்லை. கோப்பையையே தூக்கி வாயில் வைத்தான். வாய்க்குள் சுழற்றினான். வாளிப் பக்கம் குனிந்தான். பிறகு நிமிர்ந்துவிட்டான். மற்ற இருவரும் மீன் பொரிவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்கியது. கோப்பையில் மிச்சம் இருந்ததையும் குடித்தான். என்னைப் பார்த்து, மெதுவான குரலில், "இதத் துப்ப மனசு வரல வே. யாரு போட்டது?" என்றான்.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கோப்பையைப் பிடுங்கியிருக்க வேண்டும். ஒரு சத்தமாவது போட்டிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? சிரித்தேன். என் வாழ்நாளில் என் கை வேலையை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. "அஞ்சாம் நம்பர்தான் முதல் பரிசு" என்று கப்பல்காரனைப் பார்த்துக் கத்தினேன்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பொரித்த மீனில் ஒரு துண்டு தின்றிருந்த தேயிலைக்காரன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முகமும் கழுத்தும் நெருப்புப் பட்டதுபோல் செக்கச்செவேலென்று இருந்தன, கண்ணுக்குள்ளும் சிவப்பு. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றான். அடுத்த நிமிடம் வாந்தி எடுத்தான். சிமெண்ட் மேடை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. பிறகு அவன் சட்டை நனைந்து ஒட்டும் அளவுக்கு வேர்த்து, கை கால் ஜில்லிட்டு, வாழையின் மேல் சாய்ந்தான். நாங்கள் அவனைத் தூக்கிக் காரில் போட்டோம். முகத்தையும் வாயையும் தண்ணீரால் துடைத்துவிட்டது கப்பல்காரன். வழியில் அவன் மனைவிக்கு நான் போன் செய்தேன். மயக்கம், பயப்பட ஒன்றுமில்லை என்றேன்.

பேட்டைக்கு வரும் வழியில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினோம். டாக்டர் இளவயதுப் பெண். ரத்த அழுத்தம் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. அங்கேயும் அவன் ஒருமுறை வாந்தி எடுத்தான், அதுவும் சிவப்பு. "குடிச்சிருக்காரா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல டாக்டர். முன்னால குடிப்பாரு, விட்டு மூணு வருஷமாச்சு. மீன் சாப்பிட்டது ஒத்துக்கல போல" என்றான் கப்பல்காரன். வாடை அடிக்கிறதே என்று டாக்டர் விடவில்லை. "அது எங்க மேல உள்ள வாடை. நாங்கதான் குடிச்சோம்" என்றான் தோட்டக்காரன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவன் துப்பியதைத்தான் அவர்கள் பார்த்திருந்தார்கள்; மேடையில் கிடந்த சிவப்பை அவர்களும் ரத்தம் என்றே பயந்திருந்தார்கள். விழுங்கியதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

கட்டிலில் கிடந்தவன் என் விரலைப் பிடித்துக்கொண்டான். "அவ வருவா. அவகிட்ட சொல்லிராதேயும்" என்றான். குரலே வரவில்லை, உதடுதான் அசைந்தது. சரி என்று நான் தலையை ஆட்டினேன்.

குடிக்கவில்லை என்றால் அந்தச் சிவப்பு வேறு என்ன? டாக்டர் கணக்குப்படி அது ரத்தம். பழைய குடிகாரன், ஈரல் கெட்டு உள்ளே ரத்தக்குழாய் வெடித்திருக்கும் என்று அவர் பயந்தார். பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனைப் போட்டு, ஆம்புலன்ஸ் வேண்டும், ரத்தம் தயாராக வேண்டும், குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தம் இன்னும் இறங்குகிறது என்று நர்ஸ் சொன்னார். அவர்கள் இல்லாத நோயைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் அது திராட்சைச் சாறு என்று தெரிந்தும் மரம் மாதிரி நின்றேன். நண்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். அந்த ஜாடி என்னுடையது.

அவன் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். உள்ளே வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. பிறகு டாக்டரை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு சொட்டாவது உள்ள போச்சா? சொல்லுங்க. நான் யாரையும் ஏச மாட்டேன். குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காமப் போற மாத்திரைய அவருக்குக் குடுத்துட்டு இருக்கேன். அவருக்கே தெரியாது."

என் விரலைப் பிடித்திருந்த கை இறுகியது. நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போச்சு" என்றேன். "ஒரு கோப்பை. நான் போட்ட ஒயின்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் மாத்திரையின் பெயரைக் கேட்டார். அவள் மணிபர்சில் மடித்து வைத்திருந்த பழைய மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். குடியை நிறுத்துகிறவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரையாம் அது. டாக்டரைக் கேட்டு, அந்த ஆளுக்கும் தெரிந்து கொடுத்தால் மருந்து. தெரியாமல் கொடுத்துவிட்டு அவன் குடித்துவிட்டால் உயிரையே வாங்கிவிடும். துப்பினாலும் வாயிலேயே கொஞ்சம் ஊறிப்போகும், முகம் முதலில் சிவந்ததே அதனால்தான் என்று டாக்டர் பிறகு சொன்னார். நாங்கள் வெட்கம் என்று சிரித்த சிவப்பு அது. ஆக்சிஜன் வைத்தார்கள், இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் ரத்த அழுத்தம் ஏறியது. அரை மணி நேரம் முன்பே சொல்லியிருந்தால் அவர் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

பிழைத்துவிட்டான். கதை இதோடு முடிந்திருந்தால் ஒரு கண்டத்தில் இருந்து தப்பிய கதையாக இதை உங்களிடம் சொல்லியிருப்பேன்.

மறுநாள் நான் பார்க்கப் போனபோது அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "சுக்குக் காப்பியிலயா?"

அவள் தலையை நிமிர்த்தாமல் ஆமாம் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சுக்குக் காப்பியை அவன் எங்களிடம் எத்தனை முறை புகழ்ந்திருக்கிறான். கருப்பட்டியும் மிளகும் தூக்கலாகப் போட்டு, காலையில் எழுந்ததும் அவளே கையில் கொண்டுவந்து தருவாள், அதுதான் என்னைக் குடியில் இருந்து மாற்றியது என்பான். அவன் நாக்குக்குப் பயந்துதான் அவள் அவ்வளவு காரமாகப் போட்டிருக்கிறாள். எந்த ஊர்த் தண்ணீர் என்று சொல்கிற நாக்கு, மூன்று வருடம் தினமும் ஏமாந்திருக்கிறது.

"நீரு திரும்பவும் போயிருவீரோன்னு பயம்" என்றாள் அவள். "எனக்கு வேற என்ன வழி இருந்துச்சு?"

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாந்தான் விட்டேன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக்குப் போன பிறகு அவள் கையால் அவன் எதையும் வாங்கிச் சாப்பிடவில்லை. தானே சோறு வடித்துக்கொண்டான். தண்ணீரைக்கூடத் தானே பிடித்து வைத்துக்கொண்டான். அவள் ஒருநாள் எனக்குப் போன் செய்து, "உங்கள நம்பித்தான அனுப்புனேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது.

இரண்டு மாதம் கழித்து அவன் மதுக்கடைக்குப் போய்க் குடித்தான். ஏன் என்று கேட்டதற்கு, "மாத்திரை இல்லாம நான் நிப்பேனான்னு பாக்கணும்லா" என்றானாம் தோட்டக்காரனிடம். ஒரு நாள் பார்த்தான். அதன் பிறகு நிற்கவே இல்லை. இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்துவிட்டான். கலவை பார்க்கும் வேலை போய்விட்டது. அந்த வியாபாரி நல்ல மனிதர், தன்னுடைய கிட்டங்கியில், அதாவது குடோனில், மூட்டைகளை எடை போட்டு அடுக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார். கப்பல்காரன் மறுபடி கப்பலுக்குப் போய்விட்டான். தோட்டக்காரனும் நானும் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவோம், வாழை விலையைப் பற்றிப் பேசுவோம், அவனைப் பற்றிப் பேச மாட்டோம்.

ஒரு விஷயம் மட்டும் என் மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. போன ஆவணியில் ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் கிட்டங்கிக்கே போனேன். அவன் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தேயிலை வாசனையையும் மீறி அவன் மேல் வாடை வந்தது. கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாக இருந்தது. என்னைப் பார்த்து, "இரியும்" என்று ஒரு மூட்டையைக் காட்டினான்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "அந்த மாத்திரை ஒரு நாளும் உம்மத் தடுக்கல வே. குடிச்சாத்தான் அது வேலை செய்யும். உமக்கு அது உள்ள இருக்கதே தெரியாது, பெறவு அதுக்கு எப்படிப் பயந்திருப்பீரு? நீரு மூணு வருஷமும் குடிக்கல. அப்ப அந்த மூணு வருஷமும் நீராத்தான் இருந்திருக்கீரு. உம்ம புத்திதான். அவ குடுத்ததும் ஒண்ணுதான், குடுக்காததும் ஒண்ணுதான்."

இதைக் கேட்டால் அவன் எழுந்து நிற்பான் என்று ஒரு நப்பாசை இருந்தது. அவன் மூட்டை மேல் இருந்த தேயிலைத் தூசியை விரலால் துடைத்தான். நான் சொன்னது அவனுக்குப் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு, கோபமே இல்லாமல், விவரம் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"அப்ப அந்த மூணு வருஷத்த முடிச்சு வச்சது யாரு வே?"

அவன் எழுந்து எடை மேடையில் அடுத்த மூட்டையைத் தூக்கி வைக்கப் போய்விட்டான்.

இன்றைக்கும் ஒரு பந்தியிலோ விசேஷ வீட்டிலோ யாராவது எதையாவது வேண்டாம் என்று சொன்னால் நான் இரண்டாவது முறை கேட்பதில்லை. வேண்டாம் என்று ஒரு மனிதன் இரண்டு முறை சொன்ன பிறகும் மூன்றாவது முறையாக அவன் வீட்டுக் கதவைத் தட்டியவன் நான் என்பது, அவன் கேட்ட கேள்விக்கு நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய பதில்.